பிடிக்கிறது வேறு பிரிவு

ஆனி மாதத்து முதற்கிழமை, சோளகக் காற்று வயலில் மிஞ்சியிருந்த ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டிருந்த ஒரு பகலில், ராஜரத்தினம் உலக மீட்சி நிதியத்துக்குப் பத்துக்கு இரண்டு புள்ளி போட்டார்.

கேட்டார்கள், போட்டார். கேட்காமல் விட்டிருந்தால் அவர் தன்பாட்டில் இருந்திருப்பார். ஜெயபுரத்துக்குக் கிட்ட வீரையடிக்குளத்தின் கீழ் இரண்டு ஏக்கர் வயல் செய்கிற ஐம்பத்தெட்டு வயது மனிதருக்கு, கடலுக்கு அப்பால் இருக்கும் ஒரு நிறுவனத்துக்குப் புள்ளி போட வேண்டிய தேவை எதுவும் இருக்கவில்லை. மற்றவர்கள் தன்னை எண்ணுவதுதான் அவருக்குப் பழக்கம். எழுபத்தேழில் மலைநாட்டிலிருந்து தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு வன்னிக்கு வந்த நாளிலிருந்து அவரைப் பல பேர் எண்ணியிருக்கிறார்கள். பதிந்து அட்டை கொடுத்திருக்கிறார்கள். இடம்பெயர்ந்தபோது முகாமில் வேறு அட்டை கொடுத்து, பழைய அட்டை செல்லாது என்றும் சொல்லியிருக்கிறார்கள். யாரும் அவரிடம் "எங்களை நீ நம்புகிறாயா" என்று கேட்டதில்லை.

கேட்டவள் சிவதர்சினி. பட்டப்படிப்பு முடித்து நான்கு வருடம் வேலையில்லாமல் இருந்து, நிதியத்தில் ஆறு மாத ஒப்பந்தத்தில் கணக்கெடுப்பாளராகச் சேர்ந்த பிள்ளை. ஸ்கூட்டியைப் படலையடியில் நிறுத்திவிட்டு, கையில் டப்லெட்டோடு வந்து கதிரையில் இருந்தாள்.

"ஐயா, உலக மீட்சி நிதியத்தில உங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை? பூச்சியத்தில இருந்து பத்துக்குள்ள ஒரு எண் சொல்லுங்கோ."

"அது ஆர் பிள்ளை?"

"உங்கட குளத்துக்குப் புதுத் துருசு போட்டுத் தந்தவை."

ராஜரத்தினம் வயல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "ரெண்டு போடுங்கோ" என்றார்.

"ஏன் ரெண்டு எண்டும் எழுத வேணும் ஐயா."

"இந்த வெயிலுக்குள்ள நீங்கள் வந்ததுக்கு ஒண்டு. அவை நட்டிருக்கிற பெரிய போர்ட்டுக்குக் கீழ மத்தியானத்தில ஆடு படுக்கும், அதுக்கு ஒண்டு."

சிவதர்சினி அப்படியே எழுதிக்கொண்டாள்.

துருசின் கதையைச் சொல்லிவிட வேண்டும். குளத்துத் தண்ணீரை வாய்க்காலுக்கு விடுகிற பழைய துருசு ஒரு இரும்புத் தண்டும் சக்கரமும்தான். இரண்டு பேர் பிடித்துச் சுற்றினால் திறக்கும், மாறிச் சுற்றினால் மூடும். நாடு வங்குரோத்தாகி, டீசலுக்கு மூன்று நாள் வரிசையில் நின்ற காலம் முடிந்த கையோடு நிதியம் வந்தது. நாட்டை மீட்கப் போவதாகச் சொன்னது. மின்கட்டணம் ஏறியது, வரி ஏறியது, மானியம் இறங்கியது. வீரையடிக்குளத்தைத் தனியாகவும் மீட்டது. சக்கரத்தைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, சூரிய ஒளியில் ஓடும் மோட்டரும், பூட்டுப் போட்ட சாம்பல் நிறப் பெட்டியும், பெட்டியின் மேல் ஒரு அன்ரெனாவும் வைத்தது. தலைமையகத்துக் கணினியிலிருந்து சமிக்ஞை வந்தால் கதவு திறக்கும். மூன்று போகம் திறந்தது. இந்தச் சிறுபோகத்தில், வைகாசி இருபத்தேழாம் திகதி பின்னேரம் நான்கு மணிக்கு மூடியது. அதன்பிறகு திறக்கவில்லை. குளத்தில் தண்ணீர் அலையடித்துக்கொண்டு நிற்க, அணைக்கட்டுக்கு இந்தப் பக்கம் நாற்பத்தாறு குடும்பத்தின் நெல், கதிர் இன்னும் வெளிவராத குடலைப் பருவத்தில் வாடிக்கொண்டிருந்தது.

ஏன் உடைத்துத் திறக்கவில்லை என்று கேட்கலாம். பெட்டியில் கைவைத்தால் திட்டத்தின் முழுச் செலவையும் ஊர் உழவர்களின் கமக்காரர் அமைப்பு கட்ட வேண்டுமென்று ஒப்பந்தத்தில் இருந்தது. பம்பு வைத்து இறைத்தாலும் அதே தண்டனை. அமைப்பின் செயலாளர் சிவகரன் அதில் கையெழுத்து வைத்திருந்தார். ஒப்பந்தம் நாற்பது பக்கம். அவருக்குக் காட்டப்பட்டது கையெழுத்து வைக்கும் பக்கம்.

நிதியத்தின் கிளை அலுவலகத்துக்குச் சிவகரன் ஐந்து முறை போனார். திருத்துவதென்றால் முதலில் துருசை ஊராரிடம் கையளிக்க வேண்டும். கையளிப்பதென்றால் ஊராரின் நம்பிக்கைச் சுட்டெண் ஏழுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதை அளக்க ஆள் வருவார் என்றார்கள். வந்தவள்தான் சிவதர்சினி. மாதிரியெடுப்பில் வீரையடிக்குளத்துக்கு விழுந்தது ஒரேயொரு வீடு. ராஜரத்தினம் போட்ட இரண்டு, நாற்பத்தாறு குடும்பமும் சேர்ந்து போட்ட இரண்டாகியது.

நான்காம் நாள் வெள்ளை ஜீப் ஒன்று வந்தது. அதிலிருந்து இறங்கியவர் கதிர்காமநாதன், நிதியத்தின் நம்பிக்கைப் பிரிவு இணைப்பாளர். பூர்வீகம் யாழ்ப்பாணம், சீவியம் கொழும்பில். அவரோடு குறிப்பெடுக்க ஒருவர், படமெடுக்க ஒருவர், இவர்கள் இருவரும் செய்வதைக் கண்காணிக்க ஒருவர். சிவதர்சினி பின்னால் நின்றாள். நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஐயா," என்றார் கதிர்காமநாதன் மிகவும் இதமாக, "நாங்கள் உங்களைக் குறை சொல்ல வரேல்லை. உங்களைப் புரிஞ்சுகொள்ள வந்தனாங்கள். உங்களுக்கு எப்ப இருந்து நம்பிக்கை இல்லாமல் போனது?"

"வைகாசி இருபத்தேழாந் திகதி, பின்னேரம் நாலு மணியில இருந்து."

"அது புறக்காரணி. நாங்கள் அகக்காரணியைத் தேடுறம். சின்ன வயதில ஆரும் உங்களை ஏமாத்தினவையோ?"

ராஜரத்தினம் யோசித்தார். கேட்டவர் படித்தவர், உண்மையைச் சொல்ல வேண்டும்.

"ஓம். கன பேர்."

குறிப்பெடுப்பவர் விறுவிறென்று எழுதினார். கதிர்காமநாதனின் முகத்தில் நோயைக் கண்டுபிடித்த வைத்தியரின் திருப்தி தெரிந்தது. "பாருங்கோ, பிரச்சினை கதவில இல்லை."

"சேர், கதவைத் திறந்துவிடுங்கோ. நான் பத்துப் போடுறன்."

இணைப்பாளரின் முகம் மாறியது. "நீங்கள் எங்களுக்கு நிபந்தனை விதிக்கிறியள். எங்கட நிதியம் ஒருநாளும் நிபந்தனைக்குக் கீழ வேலை செய்யிறதில்லை."

குசினிக்குள் இருந்த மீனம்மா வாசலுக்கு வந்தா. ராஜரத்தினத்தின் மனைவி, அவரைவிட நான்கு வயது இளையவா, அவருக்குப் பத்து நாளில் வருகிற கோபம் அவாவுக்கு ஒரு நிமிடத்தில் வரும்.

"கரண்ட் பில்லைக் கூட்டினாத்தான் காசு தருவம் எண்டு நாட்டுக்குச் சொன்னது நீங்கள்தானே? பசளைக்கு மானியம் குடுக்கக் கூடாது எண்டு சொன்னதும் நீங்கள்தானே? அதெல்லாம் என்ன?"

"அது நிபந்தனை இல்லை அம்மா," என்றார் கதிர்காமநாதன். "அது ஒழுக்கம். நாங்கள் சொன்னா ஒழுக்கம்."

பிறகு படமெடுப்பவர் ராஜரத்தினத்தைக் காய்ந்த வயலில் நிறுத்திப் படமெடுத்தார். கொஞ்சம் சிரிக்கச் சொன்னார்.

அடுத்த கிழமை ராஜரத்தினத்துக்குக் கடிதம் வந்தது. கிளிநொச்சியில் ஒரு மண்டபத்தில் இரண்டு நாள் நம்பிக்கை மேம்பாட்டுப் பயிற்சிப் பட்டறை. போகாவிட்டால் சுட்டெண் பூச்சியமாகப் பதியப்படும் என்று கடைசி வரியில் இருந்தது. வயலில் அடிப்பயிர் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. அவர் வெள்ளைச் சாரம் உடுத்து, பஸ் ஏறிப் போனார்.

மண்டபத்துக்குள் சுவெற்றர் போட வேண்டிய குளிர். மாவட்டம் முழுவதிலுமிருந்து மூன்றுக்குக் கீழே புள்ளி போட்ட பத்தொன்பது பேரை வரவழைத்திருந்தார்கள். எல்லோருடைய நெஞ்சிலும் 'நான் நம்புகிறேன்' என்று அச்சடித்த அட்டையைக் குத்தினார்கள். ஸ்கந்தபுரத்திலிருந்து வந்த ஒருவர் தனக்கு நம்பிக்கை இல்லாததால்தானே கூப்பிட்டார்கள், பிறகு ஏன் இந்த அட்டை என்று கேட்டார். அட்டை முடிவைக் குறிக்கிறது என்றார்கள்.

முதல்நாள் முழுவதும் கண்ணை மூடி மூச்சுவிட்டார்கள். நிதியத்தின் சின்னத்தை மனத்திரையில் வரைந்தார்கள். மத்தியானம் பதினாறு வகைக் கறியோடு சாப்பாடு. ராஜரத்தினத்துக்கு இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. தட்டில் இருந்த சோறு எந்தக் குளத்துத் தண்ணீரில் விளைந்ததோ என்று நினைத்தார்.

இரண்டாம் நாள் 'விழுதல்' பயிற்சி. ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு, காலை அசைக்காமல், மரம் மாதிரிப் பின்பக்கமாகச் சாய வேண்டும். பின்னால் நிற்கும் நிதிய அலுவலர் நிலத்தில் படாமல் பிடிப்பார். ராஜரத்தினத்துக்குப் பின்னால் கதிர்காமநாதனே வந்து நின்றார்.

"பயப்பிடாதேங்கோ ஐயா. நான் நிக்கிறன்."

ராஜரத்தினத்துக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் கதிர் வெளிவரத் துடிக்கிற நெல்லை நினைத்துக்கொண்டார். இதில் நன்றாக விழுந்தால் தண்ணீர் வரும். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சாய்ந்தார்.

அந்த நேரம் பார்த்துத் தலைமையகத்திலிருந்து கதிர்காமநாதனுக்குப் போன் வந்தது. தலைமையகம் எடுத்தால் மூன்றாம் முறை மணியடிப்பதற்குள் தூக்க வேண்டுமென்பது நிதியத்தின் விதி. அவர் தூக்கினார், ராஜரத்தினம் விழுந்தார்.

வலது முழங்கை முதலில் பட்டது, பிறகு தலை. மண்டபத்தின் வெள்ளைத் தரையில் கிடந்தபடி அவர் கண்ணில் கட்டிய துணியை அவிழ்த்துப் பார்த்தார். கதிர்காமநாதன் மூலையில் நின்று, "ஓம் மேடம், மிக நல்ல முன்னேற்றம்" என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தார். பேசி முடித்துவிட்டு வந்து, கைதட்டினார்.

"அருமை ஐயா. துளி தயக்கம் இல்லை."

"சேர், ஏன் பிடிக்கேல்லை?"

"இது நம்பிக்கைப் பிரிவு. எங்கட பொறுப்பு நீங்கள் விழுறதோட முடிஞ்சுது. பிடிக்கிறது வேற பிரிவு."

"அந்தப் பிரிவு எங்க?"

"அதுக்கு இன்னும் ஆள் எடுக்கேல்லை."

ராஜரத்தினத்தின் சுட்டெண் நான்காக உயர்ந்தது. கையில் கட்டோடு அவர் வீட்டுக்கு வந்தபோது மீனம்மா படலையடியில் நின்றா. கட்டைப் பார்த்தா. நெஞ்சில் குத்தியிருந்த அட்டையைப் பார்த்தா. அதைக் கழற்றி அடுப்புக்குள் போட்டா.

மறுநாள் காலை சிவகரன் வந்தார். இரண்டு பிள்ளைகளின் தகப்பன், நாற்பது வயது. ஒப்பந்தத்தில் வைத்த கையெழுத்து அவருக்கு ஒரு மாதத்தில் பத்து வயதைக் கூட்டிவிட்டிருந்தது.

"அண்ணை, நான் உங்களை ஒண்டும் சொல்லேல்லை. உங்கட மனச்சாட்சிக்குத்தான் ரெண்டு போட்டனீங்கள். ஆனா இன்னும் எட்டு நாளுக்குள்ள தண்ணி படாட்டி எல்லாம் சப்பி, உள்ள அரிசி இராது. ஒரு பத்தைப் போட்டு விடுங்கோவன்."

"பொய் சொல்லச் சொல்லுறியோ தம்பி?"

"ஓம் அண்ணை," என்றார் சிவகரன். அழுதுவிடுவார் போலிருந்தது.

ராஜரத்தினம் வாழ்க்கையில் பொய் சொல்லாதவர் அல்ல. சோதனைச் சாவடியில் சொல்லியிருக்கிறார், நிவாரண வரிசையில் சொல்லியிருக்கிறார், அதற்காக வெட்கப்பட்டதும் இல்லை. ஆனால் அப்போதெல்லாம் உயிரையோ சோற்றையோ காப்பாற்றச் சொன்னார். வயலைக் கொல்கிறவனிடம் போய் "உன்னை முழுதாக நம்புகிறேன்" என்று சொன்னதில்லை. அன்று வரம்பில் போய் நின்று பார்த்தார். நிலம் கை நுழையுமளவு பிளந்து கிடந்தது. உடனேயே சிவகரனின் மோட்டார் சைக்கிளில் ஏறிக் கிளை அலுவலகத்துக்குப் போனார்.

"சேர், நான் பத்துப் போடுறன். முழு நம்பிக்கை."

கதிர்காமநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நேற்று நாலு. இண்டைக்குப் பத்தோ? ஒரே பாய்ச்சலில ஆறு?"

"ஓம் சேர். மனம் மாறிட்டுது."

"இதை எப்பிடி ஐயா நாங்கள் நம்புறது?"

ராஜரத்தினம் தன் கட்டுப்போட்ட கையை மேசைக்கு மேலே வைத்தார். தான் விழுந்ததை அவர்கள் ஞாபகம் வைத்திருப்பார்கள் என்று நினைத்தார்.

"உங்கட பத்து உண்மையான பத்தோ எண்டு பார்க்க உண்மைத்தன்மைக் குழு இருக்கு," என்றார் கதிர்காமநாதன். "அவை கார்த்திகையில கூடுவினம்."

"ஆடியில அறுவடை சேர்."

"அறுவடை முடிஞ்ச பிறகு நீங்கள் இன்னும் நிதானமாப் பதில் சொல்லலாம்."

வெளியே வந்து சிவகரன் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பப் பார்த்தார். நான்கு தரம் தவறியது. ராஜரத்தினம் கிட்டப் போய் வண்டியைப் பிடித்துக்கொண்டார். எதை நம்பாமல் இரண்டு போட்டாரோ அது அவரை நம்பவில்லை. அவமானம் என்பது இப்படித்தான் இருக்கும் என்று அவருக்கு அன்றுவரை தெரியாது. இழப்பு தெரியும், பசி தெரியும், பயம் நன்றாகத் தெரியும்.

ஆனால் கார்த்திகை வரை காத்திருக்க வேண்டி வரவில்லை. அந்தக் கிழமையே, நிதியத்தின் தூதுக்குழுத் தலைவி நாட்டுக்கு வந்து, வெற்றிகரமான ஒரு திட்டத்தைப் பார்க்க ஆசைப்பட்டா. நிதியத்தின் வரைபடத்தில் வீரையடிக்குளம், முடிந்த திட்டமென்று பச்சை நிறத்தில் இருந்தது. அணைக்கட்டில் பந்தல் எழுந்தது, கதிரைகளுக்கு வெள்ளை உறை போட்டார்கள், நாற்பத்தாறு குடும்பமும் கட்டாயம் வர வேண்டுமென்று அறிவித்தல் வந்தது.

விழா நாள் காலை எட்டு மணிக்கு ஒரு தண்ணீர்ப் பவுசர் வந்து குளத்தடியில் நின்றது. தூதுக்குழுவின் வாகனங்களுக்குப் புழுதி படக்கூடாதென்று பாதை நனைக்க வந்த பவுசர். சாரதி பிரதீபன், பக்கத்துக் குடியிருப்புப் பெடியன், தடித்த குழாயைக் குளத்துக்குள் இறக்கிப் பம்பைப் போட்டான். கால்மணித்தியாலத்தில் பவுசர் நிறைந்தது. அவன் ஒரு மைல் கிறவல் பாதையை நனைத்துவிட்டு வந்து, திரும்பவும் நிரப்பினான், திரும்பவும் நனைத்தான்.

சனம் பார்த்துக்கொண்டு நின்றது. வாய்க்கால் காய்ந்து கிடந்தது. பாதை ஈரமாகி, மண் வாசம் வந்தது, பாதையோரத்துத் தொட்டாச்சிணுங்கி நிமிர்ந்தது. பாதைக்கும் வயலுக்கும் நடுவில் இருந்தது ஒரு முள்ளுக்கம்பி வேலிதான்.

"குளத்தில தண்ணி எடுக்கக் கூடாது எண்டுதானே சொன்னவை?" என்று மீனம்மா சத்தமாகக் கேட்டா.

பக்கத்தில் நின்ற நிதிய அலுவலர் விளக்கினார்: "பாசனத்துக்குத்தான் எடுக்கக் கூடாது அம்மா. இது வரவேற்புக்கு."

பத்து மணிக்கு ஐந்து வாகனங்கள் புழுதியில்லாமல் வந்தன. தலைவிக்கு மாலை போட்டார்கள், போத்தல் தண்ணீர் கொடுத்தார்கள். அவா பேச எழுந்தா. மொழிபெயர்க்கச் சிவதர்சினியை நிறுத்தியிருந்தார்கள். ராஜரத்தினமும் மீனம்மாவும் முன்வரிசையில், வெள்ளை உறைக் கதிரையில் இருந்தார்கள். அவர் அன்று 'நம்பிக்கை மீண்ட பயனாளி' என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தார்.

வழக்கமாக மொழிபெயர்ப்பவர்கள் பூப் போட்டுத்தான் மொழிபெயர்ப்பார்கள். சிவதர்சினியும் முதல் இரண்டு வசனத்துக்குப் பூப் போட்டாள். பிறகு வயலைப் பார்த்தாளோ, ராஜரத்தினத்தின் கைக்கட்டைப் பார்த்தாளோ தெரியாது, சொன்னதைச் சொன்னபடி சொல்லத் தொடங்கினாள்.

"எங்கள் நிதியம் எந்த நாட்டிலும் பிழை விட்டதில்லை என்று தலைவி சொல்லுறா. பிழை நடந்த நாடுகளில் நாங்கள் பாடம் படித்தோம் என்று சொல்லுறா. பாடம் படித்த செலவை அந்த நாட்டு மக்கள் பொறுமையாக ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்லுறா."

கதிர்காமநாதன் இருமினார். சிவதர்சினி திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏழை மக்களின் சகிப்புத்தன்மைதான் எங்களின் மிகப் பெரிய மூலதனம் என்று சொல்லுறா. அது இல்லாத நாடுகளில் தாங்கள் முதலிடுவதில்லையாம். இந்தக் குளம் நிறைந்திருப்பதைப் பார்க்கத் தனக்குச் சந்தோசமாம். மக்கள் தண்ணீரை வீணாக்காமல் சேமித்து வைத்திருக்கிறார்களாம்."

ராஜரத்தினம் எழுந்தார்.

அவர் புள்ளி சொல்லத்தான் எழுந்ததாக நினைத்து ஒலிவாங்கியை நீட்டினார்கள். அவர் அதைத் தாண்டிப் போனார். பவுசரடிக்குப் போய், "தம்பி, பைப் றென்ச் இருக்கோ?" என்றார். பிரதீபன் ஒன்றும் கேட்காமல், இருந்ததிலேயே பெரியதை எடுத்துக் கொடுத்தான். பந்தல்காலுக்குக் கிடங்கு தோண்டிய அலவாங்கு துருசடியில் கிடந்தது. மீனம்மா அதைத் தூக்கிக்கொண்டு அவருக்கு முன்னே போய்விட்டா.

"இஞ்சேருங்கோ, உங்களுக்குக் கை ஏலாது. நான் நெம்புறன்."

மூன்றாம் நெம்பில் பெட்டியின் பூட்டுத் தெறித்தது. உள்ளே நாலு வயர், செத்த பல்லி ஒன்று, கருகின மோட்டர். மோட்டருக்குக் கீழே ஒரு இரும்புத் தண்டு. பழைய தண்டேதான். அதைக்கூட அவர்கள் மாற்றியிருக்கவில்லை. ஒரு மாதம் நாற்பத்தாறு குடும்பத்தின் கழுத்தை நெரித்தது ஒரு தகரப் பெட்டியும் கருகின மோட்டரும்தான் என்று கண்டபோது ராஜரத்தினத்துக்குள் ஏதோ கிழிந்தது. "நாய்ப்பிறப்புகள்!" என்று கத்தினார். அவர் அப்படிக் கத்தி அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. இடது கையால் றென்ச்சைத் தண்டில் மாட்டிச் சாய்ந்தார். மீனம்மா மற்றப் பக்கத்தைப் பிடித்தா. ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்த சிவகரன் ஓடி வந்து இருவருக்கும் நடுவில் தோளைக் கொடுத்தார். தண்டு கிரீச்சிட்டுச் சுற்றியது.

தண்ணீர் வாய்க்காலுக்குள் இடிந்து விழுந்த சத்தத்துக்குப் பந்தல் அதிர்ந்தது. பெண்கள் மண்வெட்டியோடு வயலுக்கு ஓடினார்கள்.

தூதுக்குழுத் தலைவி கைதட்டினா. அதைப் பார்த்து எல்லா அலுவலர்களும் கைதட்டினார்கள். திறப்பு விழா இவ்வளவு உணர்ச்சியாக இருக்குமென்று தான் எதிர்பார்க்கவில்லை என்று அவா சொன்னா. படமெடுப்பவர் ராஜரத்தினத்தைக் கிட்ட வந்து எடுத்தார். இந்த முறை சிரிக்கச் சொல்லவில்லை.

முப்பத்தொரு குடும்பத்தின் வயல் தப்பியது. வாய்க்காலின் கடைசியில் இருந்த பதினைந்து பேருக்குத் தண்ணீர் போய்ச் சேர இரண்டு நாள் பிந்திவிட்டது. கதிர் வந்தது, உள்ளே அரிசி இல்லை. ராஜரத்தினத்தின் வயல் கடைசிப் பதினைந்தில் ஒன்று. சிவதர்சினியின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அவளுடைய மொழிபெயர்ப்பில் 'தேவைக்கதிகமான துல்லியம்' காணப்பட்டதாகக் கடிதத்தில் எழுதியிருந்தார்கள்.

நிதியம் இரண்டு வேலை செய்தது. சொத்துப் பிரிவு, பெட்டியை உடைத்ததாக ராஜரத்தினத்தின் மேல் பொலிஸில் முறைப்பாடு கொடுத்தது. நம்பிக்கைப் பிரிவு, வீரையடிக்குளத்தின் கதவு தூதுக்குழு முன்னிலையில் திறந்து இயங்கியதாகவும், நம்பிக்கைச் சுட்டெண் ஒன்பதரை என்றும் ஆண்டறிக்கையில் அச்சடித்தது. அறிக்கையின் முன்அட்டையில் ராஜரத்தினத்தின் முகம். இரு பிரிவும் ஒரே கட்டடத்தில், ஒரே மாடியில் இருந்தன.

வழக்குக்கு முதல்நாள்தான் யாரோ இரண்டு கடதாசியையும் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். கதிர்காமநாதன் விழுந்தடித்துக்கொண்டு ஜெயபுரத்துக்கு வந்தார்.

"ஐயா, இதில ஒரு கையெழுத்து. கதவு தன்பாட்டில திறந்தது, நான் ஒண்டையும் உடைக்கேல்லை எண்டு மட்டும். வழக்கை நாங்கள் வாபஸ் வாங்குறம்."

"நான்தானே சேர் உடைச்சனான்."

"நீங்கள் உடைச்சா, அது பூட்டிக் கிடந்தது எண்டு ஆகும்."

"பூட்டித்தானே கிடந்தது."

"ஐயா, உங்களுக்கு விளங்கேல்லை. நீங்கள் குற்றம் செய்யேல்லை எண்டு நாங்களே சொல்லுறம். உங்களுக்கு ஏன் இந்தப் பிடிவாதம்?"

ராஜரத்தினம் அந்தத் தாளை வாங்கி முழுவதும் வாசித்தார். ஒரே பக்கம்தான். வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "நாளைக்குக் கோட்டில சந்திப்பம் சேர்."

நீதிமன்றத்தில் முறைப்பாட்டை வாசித்தார்கள். 'மூடிய நிலையில் ஒரு மாதமாக இயங்காதிருந்த துருசுக் கதவின் கட்டுப்பாட்டுப் பெட்டியை' என்று அது தொடங்கியது. சொத்துப் பிரிவில் எழுதியவருக்கு ஆண்டறிக்கை பற்றித் தெரியாது.

நீதவான் கேட்டார்: "குற்றவாளியா, சுற்றவாளியா?"

"குற்றவாளி ஐயா," என்றார் ராஜரத்தினம். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

நிதியத்தின் சட்டத்தரணி பாய்ந்து எழும்பினார். "கனம் நீதவான் அவர்களே, எதிரி சுற்றவாளி! அவர் ஒன்றுமே செய்யவில்லை!"

நீதவான் பேனையை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். "நீங்கள் முறைப்பாட்டாளருக்காகத்தானே தோன்றுகிறீர்கள்?"

"ஆம், கனம் நீதவான் அவர்களே."

"இருங்கள்."

சட்டத்தரணி இருந்தார். கதிர்காமநாதன் பின்வாங்கில் தலையைக் குனிந்துகொண்டார். நீதவான் எதிரியின் ஒப்புதலையும் சூழ்நிலையையும் பதிந்து, சிறு தண்டம் விதித்தார். தண்டத்தைச் சிவகரனும் மற்றவர்களும் அங்கேயே கட்டினார்கள். ஒப்பந்தத்தில் இருந்த முழுச் செலவை நிதியம் கேட்கவில்லை; கேட்டால் ஆண்டறிக்கை பொய்யென்று ஒப்புக்கொள்ள வேண்டி வரும்.

ராஜரத்தினமும் மீனம்மாவும் பதிவாளர் அறைக்குப் போனார்கள். சிவதர்சினியும் கூடவே வந்தாள். தீர்ப்பின் உறுதிப்படுத்திய பிரதி வேண்டுமென்றார்கள். எழுதுவினைஞர் அவர்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"குற்றவாளி எண்டு வந்த தீர்ப்புக்கு ஆரும் பிரதி கேட்கிறேல்லை. என்னத்துக்கு?"

"அதில கதவு பூட்டிக் கிடந்தது எண்டு எழுதியிருக்கோ?" என்று மீனம்மா கேட்டா.

எழுதுவினைஞர் கோவையைப் புரட்டி, விரலை வைத்து வாசித்தார். "ஒரு மாத காலம் கதவு மூடிக் கிடந்ததனால் பயிர் அழியும் நிலையில், எதிரி அதை உடைத்துத் திறந்தார்."

ராஜரத்தினம் மேசையில் இடது கையை ஊன்றிக்கொண்டார்.

"இன்னொருக்கா வாசியுங்கோ," என்றார்.

எழுதுவினைஞர் சிவதர்சினியைப் பார்த்தார், பிறகு அந்த மனிதரைப் பார்த்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, விறாந்தையில் நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரித் திரும்பவும் வாசித்தார்.